ப்ரியதர்ஷினி போகலாமா?

கிட்ட வாங்க கண்ணுகளா, அங்கன நிக்காதீங்க. கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியோட கதை சொல்லுதேன், கேட்டுட்டுப் போங்க.

"அந்த நாட்டுல போய் ஆடக் கூடாதுன்னா கூடாதுதான்!"

ஊரில் எந்தப் பிரச்சினை என்றாலும் முதலில் மைக் பிடிக்கும் இசக்கிதுரை, இன்று மைக் இல்லாமலே கத்தினார்.

இந்திய ஹாக்கி அணிக்குக் கேப்டன் ஆன சந்தோஷம் ப்ரியதர்ஷினிக்கு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. போட்டி நடக்கிற நாட்டில்தான் பக்கத்து வீட்டு முத்துசெல்வம் மாட்டிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போன இடத்தில் கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். பெற்ற தாய் செத்ததற்குக்கூட ஊருக்கு விடவில்லை.

"நம்ம ஆளை அடைச்சு வச்சிருக்கான். அவன் ஊருல போய் நாம பந்தடிச்சு மாலை வாங்கணுமாக்கும்? கேப்டனே வரமாட்டேன்னா டீமே நிக்கும். உலகம் திரும்பிப் பாக்கும்லா!"

"அந்த ஆட்டத்தை ரத்து பண்ணுவான் அண்ணாச்சி, அம்புட்டுதான்" என்றார் அவளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்த நவநீதகிருஷ்ணன் சார். "முத்துசெல்வத்தை விட்டுருவானா? இந்தப் பிள்ளை பட்ட பாடுதான் வீணாப் போவும்."

"ஒமக்கென்ன சார்வாள், அவகூட ஒம்ம போட்டோவும் பேப்பர்ல வரும்!"

"யப்பா, ஆட்டை மேய்ச்சலுக்குப் பத்திட்டுப் போணும். சீக்கிரம் ஒரு முடிவைச் சொல்லுங்க" என்றார் ப்ரியாவின் அப்பா ராமசுப்பு.

ப்ரியாவுக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி என்றே பட்டது. அதுதான் வேதனை. சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் உட்கார வைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனவரே முத்துசெல்வம் மாமாதான்.

சுவரோரம் நின்ற முத்துசெல்வத்தின் மனைவி மாரித்தாயிடம் போனாள்.

"அத்தே, நீங்க சொல்லுங்க. வேண்டாம்னா நான் போகல."

மாரித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போ தாயி. போய் ஆடு."

"ஏ மாரித்தாயி! புருசன் நெனப்பு இருக்கா இல்லியா ஒனக்கு?" என்று இசக்கிதுரை பாய்ந்தார்.

அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவே அவளைத் திட்டியது. ப்ரியா குற்ற உணர்ச்சியோடு விமானம் ஏறினாள்.

முதல் ஆட்டம். அரங்கம் நிரம்பி வழிந்தது. நடுவர் குனிந்து செயற்கைப் புல்லைத் தொட்டுப் பார்த்தார்; உதட்டைப் பிதுக்கினார். தரை காய்ந்து கிடந்தது. அந்தப் புல்லை நனைக்காமல் ஆட்டத்தைத் தொடங்க மாட்டார்கள். விழுந்தால் தோல் உரிந்துவிடும்.

தண்ணீர் திறக்கிற ஆட்களோ குழாய்ப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். 'பாஸ்போர்ட்டைக் குடு, தண்ணி விடுதோம்' என்பதுதான் அவர்கள் பேச்சு. அதட்டிப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. இழுத்துப் போடலாம் என்றால், உலகத்துக் கேமரா எல்லாம் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டது.

நேரம் போகப் போக அதிகாரிகளுக்கு வியர்த்தது. கடைசியில் கம்பெனிக் கார் ஒன்று பறந்து வந்தது. பெட்டி நிறையப் பாஸ்போர்ட். ஒவ்வொருவரும் தன்னுடையதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் தண்ணீர் சீறிப் பாய்ந்தது.

ஆட்டம் முடிந்ததும் ப்ரியா குழாய்ப் பக்கம் ஓடினாள். நனைந்த சட்டையோடு நின்றவர் முத்துசெல்வம் மாமாதான்! இளைத்துப்போயிருந்தார். சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

"நல்லா இருப்ப தாயி" என்று கை கூப்பினார். "எங்க அத்தனை பேரையும் சொந்த ஊருக்குத் திரும்ப வச்சிட்ட."

"என்ன மாமா இது, கையைக் கீழ போடுங்க. நான் ஒண்ணுமே செய்யலியே, ஆடத்தான வந்தேன்?"

"அதுதாம்ட்டி வேணும்! நீ வராம இருந்துருவியோன்னுதான் பயந்து கெடந்தேன். 'யார்ட்டயும் மூச்சு விடாத, இசக்கிதுரை காதுல விழுந்தா வாட்ஸ்அப்புல போட்டுருவாரு, எப்படியாவது பிள்ளைய அனுப்பி வை'ன்னு ஒங்க அத்தைக்குப் போன்ல சொன்னதே நாந்தான். ஆட்டம்னு ஒண்ணு நடந்தாத்தான தாயி, நாங்க புறக்கணிக்க முடியும்?"

தூரதேசம் போன ஒங்க வீட்டு ஆளுகளும் சுகமாத் திரும்பி வந்து, ஒங்க வாசல்ல செருப்பைக் கழட்டட்டும், கண்ணுகளா.