ழகரத்தின் வால்

எழுத்துரு வரையும் மேகலா, புதிய புடவைக் கடையின் முகப்பில் ‘யாழ்’ என்று பித்தளையில் பதித்திருந்தாள். ழகரத்தின் வால் மட்டும் பலகைக்குள் அடங்கவில்லை. வெளியே பாய்ந்து, பக்கத்துப் பெயிண்ட் கடைச் சுவரில் ஒரு முழம் படர்ந்து, நுனியில் மெல்லச் சுருண்டிருந்தது.

பெயிண்ட் கடைக்காரர் சவரிமுத்து, ஒரு சாண் சுவருக்காகச் சொந்தத் தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டவர். “செவுரு என்னுது. என் பக்கம் வந்ததை வெட்டியே ஆகணும்” என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மேகலா வாதாடவில்லை. “சரிங்கண்ணே. எங்க வெட்டணும்னு நீங்களே கோடு போட்டுக் குடுங்க” என்று சாக்பீஸை நீட்டினாள்.

சவரிமுத்து ஏணியில் ஏறினார். எல்லையில் சாக்பீஸை வைத்தார். அங்கே வெட்டினால் எழுத்துக்கு மூச்சு முட்டும் போலிருந்தது. சற்றுத் தள்ளி வைத்தார். வளைவு பாதியில் செத்துவிடும். மேலும் தள்ளினார். பித்தளையைத் தொடாமலே அவர் கை அதனோடு வளைந்தது. தடித்த இடத்தில் தயங்கி, மெலிந்த இடத்தில் வழுக்கி, சுருண்ட நுனியையும் கடந்து வெறும் சுவரில் போய் நின்றது.

“கோடு போட்டாச்சாண்ணே?” என்று கீழிருந்து கேட்டாள் மேகலா.

“இரும்மா” என்றார் அவர், கண்ணை எடுக்காமல். “இது இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருக்கணும்.”