சாவிக் கீறல்

"வாங்க, வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் சமையலறையில் நின்ற பெண்மணி. தோளில் கைப்பை தொங்க, அலமாரிக் கதவு ஒன்றைத் திறந்து பிடித்திருந்தாள்.

கணக்கு வாத்தியாருக்கு உயிர் வந்தது. முன்பின் தெரியாத வீட்டுக்குள் மனைவியோடு நுழைந்து சமையலறையை நோட்டம் விடுவது எப்படி என்று வழியெல்லாம் கூசிக்கொண்டு வந்திருந்தார். தச்சர்தான் அனுப்பிவைத்தார். எட்டு வருஷத்துக்கு முன் அந்த வீட்டுக்கு அவர் செய்துகொடுத்த முழு மர அலமாரிகள். வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று, பத்து மணிக்குக் கதவு திறந்திருக்கும், கண்ணால் பார்த்துவிட்டு, உங்களுக்கும் அதே மாதிரி செய்யலாமா என்று முடிவு சொல்லுங்கள் என்றிருந்தார்.

முடிவு சொல்வதில்தான் சிக்கல். போன முறை தேக்கு என்று நம்பி வாத்தியார் வாங்கியது, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. முதல் வருஷமே சிங்க்குக்கு அடியில் ஊறிப் பொங்கி உதிர்ந்தது. ஆறு வருஷமாக வீட்டில் அவர் பேச்சு எடுபடுவதில்லை. அவர் கத்திரிக்காய் வாங்கி வந்தால்கூட, நறுக்கிப் பார்த்த பிறகே அது கத்திரிக்காய் என்று மனைவி ஒப்புக்கொள்வாள்.

பெண்மணி சிங்க்குக்கு அடியில் கையை விட்டுத் தடவினாள். தண்ணீர் பட்ட தடமே இல்லை என்று அதிசயித்தாள். வாத்தியாரின் மனைவியும் குனிந்து தடவினாள். இருவருமாக ஒவ்வொரு கதவையும் திறந்து, மூடி, முகர்ந்து பார்த்தார்கள்.

வாத்தியார் விரலை மடக்கித் தட்டினார். சத்தம் கனமாகத்தான் இருந்தது.

"போன தடவையும் இப்படித்தான் தபேலா வாசிச்சீங்க" என்றாள் மனைவி.

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். ஒரு கீறல் போட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று இழுத்தபடி பெண்மணியைப் பார்த்தார்.

"போடுங்களேன்" என்றாள் அவள்.

கதவின் உள்ளோரத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு இழுத்தார். உள்ளேயும் அதே நிறம், அதே ரேகை. சுருண்டு வந்த சீவலை மனைவியிடம் நீட்டினார். அவள் முகர்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வருஷத்தில் அது முதல் முறை.

"இன்னும் கொஞ்சம் ஆழமா?" என்று கேட்டாள் பெண்மணி.

வாத்தியாருக்கு வேகம் வந்துவிட்டது. கதவின் முன்பக்கம், நட்டநடுவில், கரும்பலகையில் தப்பான விடையை அடிப்பதுபோல் குறுக்கும் மறுக்குமாக இரண்டு இழுப்பு. முழு மரம். சந்தேகமே இல்லை. மனைவி அவர் தோளில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டாள்.

மாடியிலிருந்து யாரோ இறங்கிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. பெண்மணியின் கணவராக இருக்கும், நன்றி சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று வாத்தியார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அதற்குள் பெண்மணி இரண்டு கையையும் கூப்பினாள்.

"அலமாரி பார்க்க வந்த எனக்காக உங்க சொந்த வீட்டுக் கதவையே கீறிக் காட்டறீங்களே, சார்."