வியாழக்கிழமை வண்டி

“எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் படுத்தேன்” என்றார் பெரியவர். பட்டறையில் யாரும் அதை நம்பவில்லை.

பட்டறை அவருக்கு வைத்திருந்த பெயர் ‘வியாழக்கிழமை’. வாரம் தவறாமல் அன்றைக்குத்தான் அவர் வீடாகவே குடியிருக்கும் கேம்பர் வேன் வாசலில் வந்து நிற்கும். எஞ்சினுக்கு ஒன்றும் இருக்காது. பின்பக்கத்து விளக்கு, ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ் இவற்றுக்கென்று இருக்கும் இரண்டாவது பேட்டரி மட்டும் சுத்தமாக இறங்கிப்போயிருக்கும்.

வேண்டுமென்றே லைட்டைப் போட்டுவிட்டுத் தூங்குகிறார் என்றார் பெயின்டர். சும்மா வந்தால் ஒரு டீயோடு அனுப்பிவிடுவோம், பேட்டரி என்றால் சாயங்காலம் வரை உட்காரலாமே என்று ஒடுக்கு எடுக்கும் டிங்கர் எடுத்துக்கொடுத்தார். சிரித்தார்கள். எலக்ட்ரீஷியன் பக்கத்தில் வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அவன் மனைவி இறந்த பிறகு அவன் எதிரில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை.

அந்த வேனை எப்போதும் அவன்தான் பார்ப்பான். வேறு யாரையும் தொட விடமாட்டான். பெரியவரைப் பொறுத்துக்கொள்ள அவன் ஒருத்தனால்தான் முடியும் என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

பழைய ஈய பேட்டரி சார்ஜ் ஏற மதியம் முழுக்க ஆகும். அதுவரை இருவரும் வேனுக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர் டீ போடுவார். டயர் விலை, பாதியில் நிற்கும் பாலம், அவர் ஒரு காலத்தில் ஓட்டிய பஸ்ஸின் பிரேக் என்று பேச்சு எங்கேயோ போகும். பல சமயம் பேச்சே இருக்காது.

இந்த வாரம் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. எலக்ட்ரீஷியனைத் தனியே அழைத்து, அவருக்கு லித்தியம் பேட்டரியைப் போட்டு அனுப்பு என்றார். எடை பாதிதான். சீக்கிரம் ஏறும், லேசில் இறங்காது. வருகிற வண்டிக்கெல்லாம் அதைத்தானே போடுகிறோம்?

அவன் தடை சொன்னான். ஓடும்போது எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் சூடாகிவிடும், நடுவில் தனி சார்ஜர் வைக்க வேண்டும். கடுங்குளிரில் சார்ஜ் ஏறாது. வயதானவருக்கு இதையெல்லாம் புரிய வைப்பதும் கஷ்டம்.

“மத்த வண்டிக்குப் போடறப்ப இதெல்லாம் உனக்குத் தோணலையா?” என்றார் முதலாளி. “எவ்வளவு கரண்ட் போகுதுன்னு போன்லயே காட்டும்ப்பா. எதையாவது எரியவிட்டா அங்கேயே மாட்டிக்குவாரு.”

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது. அவருக்குப் போக வேறு இடம் கிடையாது என்று மெதுவாகச் சொன்னான்.

“இது பட்டறையா, சத்திரமா?” என்று கேட்டுவிட்டு முதலாளி நேரே வேனுக்கு நடந்தார்.

பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஃப்ரிட்ஜ் மூன்று நாள் நிற்காமல் ஓடும் என்றபோது தலையாட்டினார். பிறகு முதலாளியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“நீ என்னப்பா சொல்றே?”

முதலாளியும் திரும்பிப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் ஸ்பேனரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

“போட்டுடலாங்கய்யா. இனிமே நீங்க இங்கே அலைய வேண்டியதில்லை.”

“நீ சொன்னா சரி” என்றார் பெரியவர். ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

அவன் பழைய பேட்டரியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து வெளியே எடுத்து வைத்தான். சீட்டுக்கடியில் தலையை விட்டு வெகு நேரம் குனிந்திருந்தான். வேண்டாததை வெட்டினான், வேண்டியதை இறுக்கினான். ஃபியூஸ், சார்ஜர், கடைசியாக லித்தியம். அதை ஒரு கையிலேயே தூக்க முடிந்தது.

சார்ஜில் போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் நிறைந்துவிட்டது. டீ போட நேரமே வரவில்லை.

பெயின்டர் காலையில் பேசியதை மறந்துவிட்டார் போலிருந்தது. அந்தப் பக்கம் வந்தால் சும்மாவாவது எட்டிப் பார்க்கச் சொல்லி பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிங்கர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்.

எலக்ட்ரீஷியன் வேனுக்குள் ஏறி, பெரியவரின் போனில் எல்லாம் வருகிறதா என்று பார்த்தான். லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் ஒவ்வொன்றாக அணைத்தான். எவ்வளவு கரண்ட் போகிறது என்று திரையில் காட்டிய எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.

“பாத்தீங்களா, ஒண்ணுமே போகலை” என்றான். “இனிமே இறங்காதுங்கய்யா.” அவர் முகத்தைப் பார்க்காமல் கருவிகளைப் பெட்டியில் அடுக்கினான். அடுக்கியதையே மறுபடி எடுத்து அடுக்கினான்.

பெரியவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வேனின் கதவை இழுத்துச் சாத்தினார். பட்டறைச் சத்தம் அடங்கியது. தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

“பேட்டரி இறங்கட்டும்னு சீட்டுக்கடியில நீ மாட்டி வெச்ச ஒயரை நான் ஒருநாளும் தொட்டதில்லையே. நீ ஏன்ப்பா கழட்டிட்டே?”