பள்ள நிலத்தின் ஈரம்

மண்ணின் ஈரம் அளக்கும் அந்த அம்மையாரை எல்லாரும் ‘மூணுதடவை அக்கா’ என்றே அழைப்பர். ஓரிடத்தில் கருவியை மூன்று முறை குத்திப் பார்க்காமல் அவர் எண்ணை எழுதமாட்டார். ஏரியில் ஒரே ஒரு நிலத்துக்குப் போதுமான தண்ணீர்தான் எஞ்சியிருந்தது. அவர் வரையும் ஈரப்படத்தில் எது மிகக் காய்ந்த நிலமோ, அதற்கே மதகு திறக்கும். படத்தின்படி அது மேட்டு நிலம்.

பள்ள நிலத்துக்காரர் அலுவலகத்துக்குள் பாய்ந்து வந்தார்.

“என் பயிர் வாடிச் சாகுது. உங்க படத்துல மட்டும் ஈரம் சொட்டுதே! அதைப் பிழிஞ்சு பாய்ச்சிக்கவா?”

“மூணு தடவை அளந்தேங்க.”

“தப்பா அளந்தா முப்பது தடவையும் தப்புதாம்மா!”

அம்மையார் சினம் கொள்ளவில்லை. கருவியை எடுத்துப் பார்த்தார். மேட்டு நிலத்து மணலுக்கென வைத்த அளவுகோல் அப்படியே இருந்தது. பள்ளத்துக் களிமண்ணுக்கு அதை மாற்ற மறந்திருந்தார். உடனே அவருடன் சென்று மீண்டும் அளந்தார். பள்ள நிலமே அதிகம் காய்ந்திருந்தது.

“தப்பு என்மேலதான் ஐயா. தண்ணி உங்களுக்குத்தான்.”

“மேட்டு நிலத்துக்காரர் சும்மா விடுவாரா? வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரே!”

“குதிப்பார். நான் பேசிக்கறேன்.”

அலுவலகம் திரும்பி, திருத்திய படத்தில் கையெழுத்திட்டார். பிறகு கைபேசியை எடுத்தார்.

“என்னங்க, நம்ம நிலத்துக்குத் தண்ணி வராது. நான்தான் தப்பா அளந்துட்டேன். நம்ம பயிர் போயிடும்னு தெரியும். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, படத்தை மாத்தமாட்டேன்.”