ஆகஸ்டா அத்தையின் ஓரக்குறிப்புகள்

அன்று பாதிரியார் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பாதிரியாரின் மனைவி மிஸஸ் ஹால்ஃபோர்டு, டாக்டர் பிம், பள்ளி ஆசிரியை மிஸ் பர்க்கெட், என் தந்தை கேப்டன் ஸ்பெல்மன், அவருடைய அக்கா ஆகஸ்டா. தாங்களும் அங்கே இருந்ததாக இந்த ஊரில் பத்துப் பேராவது சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. நானும் இல்லை; நடந்ததை என் தந்தை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். எங்கள் வீட்டு விஷயத்தைப் பிறர் எழுதுவதைவிட நானே எழுதிவிடுவது மேல்.

1868, நவம்பர் மாதம். மேசைமேல் எங்கள் ஊர்ப் புத்தகச் சங்கத்தின் நாவல் கிடந்தது. லண்டனிலிருந்து வந்து, வீட்டுக்குப் பதினைந்து நாள் என்று ஒரு சுற்று முடித்திருந்தது. கடைசி வீடு படித்து முடிக்கும்வரை யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியதைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, தம் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். சங்கத்தின் விதி அது.

மற்றவர்கள் எழுதியிருந்தது கொஞ்சம். பக்கத்துக்குப் பக்கம் நிறைந்திருந்தது ஆகஸ்டா அத்தையின் கையெழுத்துதான். டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"பதினாலாம் பக்கம், 'இது கொடுமை.' முப்பதுல, 'இதைச் சொல்ல என்ன உரிமை?' நாற்பத்தொண்ணுல, 'இங்கே ஒரு வரி விடுபட்டிருக்கிறது.' அறுபத்திரண்டுல, 'வெட்கம்.' அதுக்குக் கீழ ரெண்டு கோடு."

"அச்சுக் கோத்தவனைக்கூட எங்க அக்கா விட்டு வைக்கலை," என்றார் என் தந்தை. "எங்க குடும்பத்துல நாவல் எழுதினவங்களும் கிடையாது, நாவலுக்கு மயங்கினவங்களும் கிடையாது."

முதல் பக்கத்தில் 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் இருந்தது. பெயர்களை மாற்றியிருந்தாலும் கதையில் வந்த ஊர் எங்களுடையது. நோயாளியின் கட்டிலருகே தூங்கும் ஒரு டாக்டர் வந்தார். ஏழைகளுக்கான சூப்பில் தண்ணீர் ஊற்றும் ஒரு பாதிரியார் மனைவியும் வந்தார்.

"நான் தூங்கினது ஒரே ஒரு தடவை," என்றார் டாக்டர். "நோயாளியும் அப்போ தூங்கிட்டுத்தான் இருந்தார்."

"என் சூப்பைப் பத்தி நான் பேசப்போறதில்லை," என்றார் மிஸஸ் ஹால்ஃபோர்டு. "மிஸ் பர்க்கெட், மாசாமாசம் லண்டனுக்கு ஒரு பொட்டலம் அனுப்பறீங்களே, அதுல என்ன இருக்கு?"

மிஸ் பர்க்கெட் சங்கத்து உறுப்பினர் அல்ல, நாவலை எழுதியது அவர்தானா என்று விசாரிக்க அழைத்திருந்தார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மாவுக்குக் காலுறை பின்னி அனுப்பறேங்க."

"வருஷம் முழுக்கவா? உங்க அம்மாவுக்கு எத்தனை கால்?"

டாக்டரும் என் தந்தையும் சிரித்தார்கள். அத்தை தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தபோது கொஞ்சம் சிந்தியது. எங்கள் வீட்டில் யாரும் தேநீர் சிந்துவதில்லை.

"இன்னொண்ணும் சொல்றேன்," என்றார் மிஸஸ் ஹால்ஃபோர்டு. "இந்தக் கதையில ஊர்ல எல்லாரும் மோசம். ஒருத்தி மட்டும்தான் தங்கம். யாரு? பள்ளிக்கூடத்து டீச்சர். தன்னைப் பத்தி வேற எப்படி எழுதிக்குவா?"

"நான் எழுதலைங்க," என்றார் மிஸ் பர்க்கெட். "அவ்வளவு நல்லவளும் நான் இல்லை. வேலை போனா, குடியிருக்கற வீடும் போயிடும். கிறிஸ்துமஸ் வரைக்குமாவது இருக்க விடுங்க."

அவரை நீக்கச் சொல்லிப் பள்ளி நிர்வாகிகளுக்கு எழுதிய கடிதம் தயாராக இருந்தது. பள்ளிக்கு நிலம் கொடுத்தது எங்கள் முன்னோர். ஆகவே முதல் கையெழுத்து எங்கள் வீட்டு மூத்தவருடையதாக இருக்க வேண்டும். டாக்டர் கடிதத்தையும் பேனாவையும் அத்தையின் முன் நகர்த்தினார்.

"இந்தப் புத்தகத்தை உங்க அளவுக்கு வெறுத்தவங்க யாரும் இல்லை, மிஸ் ஸ்பெல்மன். நீங்கதான் ஆரம்பிச்சு வைக்கணும்."

"வெறுத்தேன்," என்றார் அத்தை. "அச்சுல பார்த்த நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமில்லை."

"அப்போ போடு அக்கா," என்றார் என் தந்தை. "நம்ம பேரு மேல இருந்தாதான் இந்தக் காகிதத்துக்கு மரியாதை."

அத்தை பேனாவை எடுத்து மையில் தோய்த்தார். மை உலரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"முதல்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க, டாக்டர்."

"'இந்நாவலை எழுதியவர் மிஸ் பர்க்கெட் என்பதை நாங்கள் ஐயமின்றி அறிவோம்.'"

"ஐயமே இல்லாமலா?"

"இதுல ஐயத்துக்கு என்ன இருக்கு, ஆகஸ்டா?" என்றார் மிஸஸ் ஹால்ஃபோர்டு. "ஊரே அதைத்தான் சொல்லுது."

அத்தை பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். தம்பியின் பக்கம் திரும்பவில்லை. மிஸ் பர்க்கெட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஊர் சொல்றது தப்பு. எழுதினது நான்."