நாப்பத்திரண்டாம் நம்பர் எங்கே?

"எல்லாரும் ஐடி கார்டைக் கழட்டிக் குடுங்க. பைனரி சர்ச்னா என்னன்னு லைவ்வா காட்டறேன்!"

வாய் ஓயாததால க்ளாஸ் அவனுக்கு வெச்ச பேரு ரேடியோ. இன்னைக்கு செமினார்ல மேடையேறிப் பேசறது அவன் முறை. கார்டுகளை வாங்கி, சீட்டுக்கட்டு மாதிரி கலக்கி, மேஜைல நீளமாப் பரப்பினான்.

"தேட வேண்டிய ரோல் நம்பர் சொல்லுங்க மேடம்."

"நாப்பத்திரண்டு."

நடுவுலேர்ந்து ஒண்ணை எடுத்தான். "இது முப்பது. நாப்பத்திரண்டு இதைவிடப் பெருசு. அப்போ இடது பாதி முழுக்க வேஸ்ட்டு."

ஒரே தள்ளு. இப்படியே பாதி பாதியாத் தள்ளி, கடைசியா ஒரு கார்டு மிஞ்சிச்சு. திருப்பிப் பாத்தா, பதினொண்ணு.

"மேடம், நாப்பத்திரண்டாம் நம்பர் நம்ம காலேஜ்லயே இல்ல!"

அவன் பெஞ்சுக்காரன் துள்ளி எழுந்தான். "டேய், நான்தான்டா நாப்பத்திரண்டு! தெனம் உன் பக்கத்துலதான உக்காந்திருக்கேன்!"

"நீ உக்காரு. அல்காரிதம் பொய் சொல்லாது."

க்ளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. மேடம் மட்டும் மார்க் போட பேனாவைத் திறந்தாங்க.

கடைசி பெஞ்சுல, வாயே திறக்காததால மியூட்னு பேர் வாங்கினவளுக்கு உதடு துடிச்சுது. அடுத்து அவதான். தலைப்பு சார்ட்டிங், அதாவது வரிசையா அடுக்கறது. ஏற்கெனவே ரெண்டு தடவை மேடையேறி, ஒரு வார்த்தை பேசாம அழுதுட்டே எறங்கினவ. இன்னைக்கும் பேசலைன்னா ஃபெயில்தான்னு மேடம் சொல்லியாச்சு.

"நீ அடுக்கவே இல்லையே!"

எல்லாரும் திரும்பினாங்க. மியூட் எழுந்து நிக்கறா.

"கலைஞ்சு கெடக்கறதைப் பாதியா வெட்டினா எப்படிக் கெடைக்கும்? மொதல்ல சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கணும். அறிவிருக்கா உனக்கு?"

"வாய் கிழியப் பேசாத. அடுக்கிக் காட்டு, பாப்போம்."

விடுவிடுன்னு வந்தா. கார்டுகளை அள்ளினா. ஒவ்வொண்ணா எடுத்து, அது எங்க போகணும், ஏன் அங்க போகணும்னு சொல்லிச் சொல்லிச் சொருகினா. அப்புறம் பாதி பாதியா வெட்டினா. நாப்பத்திரண்டு கார்டு போட்டோவுல பல்லிளிச்சுக்கிட்டு வெளிய வந்தான்.

கைத்தட்டல் கேட்டப்பறம்தான், மேடையில நிக்கறோம்னே அவளுக்கு ஒறைச்சுது. பயப்படறதுக்கு லேட்டாயிடுச்சு.

"சார்ட்டிங் பிரமாதம்மா. நீ பாஸ்," மேடம் சிரிச்சாங்க. "டேய் ரேடியோ, உனக்கு முட்டை."

எறங்கும்போது மியூட் அவனை மொறைச்சா. "இனிமேலாவது படிச்சுட்டு வா."

"சரிங்க தாயே."

ரேடியோ பெஞ்சுக்கு வந்ததும் நாப்பத்திரண்டு அவன் காதைக் கடிச்சான். "எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்குடுத்தவனே நீதான். அடுக்கணும்னு உனக்குத் தெரியாதாடா?"

"வெளிய சொல்லித் தொலைக்காத. அவளைப் பேசச் சொன்னா பேச மாட்டா. அடுத்தவன் தப்பு பண்ணா, பேசாம இருக்க மாட்டா."