அணைக்கும் வரிசை

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஞானதுரையின் ஸ்பீக்கர்கள். போடும்போது ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போட வேண்டும், அணைக்கும்போது அதை முதலில் அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கர் 'டொம்' என்று அதிரும். கல்யாணமான மறுநாளே மனைவி புஷ்பலீலாவுக்கு அவன் நடத்திய பாடம் இது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சுவர் மெல்லியது.

அவன் வேலைக்குப் போன பிறகு அவள் திருட்டுத்தனமாகப் பாட்டுக் கேட்பாள். பயத்தில் மாற்றி அணைப்பாள். டொம்! என் வாய் சும்மா இருந்ததா?

"தம்பி, பகல்ல ஒங்க வீட்டுல என்னமோ வெடிக்குதே!" என்று அவனிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தேன். அன்று சாயங்காலம் அதிர்ந்தது ஸ்பீக்கர் இல்லை.

ஒரு மாதம் பகலில் பாட்டே கேட்கவில்லை. நேற்று மதியம் கேட்டது, முழுப் பாட்டு. முடிந்ததும் ஆம்ப்ளிஃபயரின் கனத்த சுவிட்ச் முதலில் விழுந்தது, மற்றவை பிறகு, நிதானமாக. டொம் இல்லை. அப்புறம் கதவு பூட்டும் சத்தம், படிகளில் பெட்டி இடித்து இறங்கும் சத்தம்.

சாயங்காலம் ஞானதுரை என் வாசலில் நின்றான். "அக்கா, அவளக் காணோம். மத்தியானம் ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலையே தம்பி."

இந்தக் காது போன மாதமே செவிடாகியிருக்கலாம்.